கோட்டையைச் சுற்றும் தடம்

சங்ககிரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து கோட்டை மதிலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அந்த மதிலில் பெரிய ஈடுபாடு கிடையாது. யாரோ ராஜாக்கள் அடித்துக்கொள்வதற்காகக் கட்டினார்கள், அடித்துக்கொண்டார்கள், போய்ச் சேர்ந்தார்கள். மலையின் காலடியைச் சுற்றிக்கொண்டு ஒரு தடம் போகும். அதுதான் எனக்குக் கோட்டை.

ஊருக்குள் புளியமரங்களுக்கு அடியில் தொடங்கும். கொஞ்ச தூரம் பாறை, பிறகு ஒரு குட்டை, அதைத் தாண்டினால் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. அதைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். வேலியெல்லாம் கோவைப்பழம் தொங்கும், கௌதாரி குறுக்கே ஓடும். நடக்க நடக்க மலையும் கூடவே திரும்பிக்கொண்டு வரும். கிழக்கே அடுக்கடுக்காக மதிலாய்த் தெரிந்தது மேற்கே வந்தால் வெறும் மொட்டைப் பாறை. அந்தப் பாறைக்குக் கீழேதான் என் அம்மாவின் ஊர்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மலைக்குக் கிழக்கே. அப்பா போன பிறகு அம்மா தனி. கண் பார்வை மங்கி, ஆள் வந்தால் நிழலாகத்தான் தெரியும். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் வேறு. ஆகவே தினமும் சாயங்காலம் தூக்குப்போசியில் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு நான் போய்விட்டு வருவேன். மாமியார் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "போயிட்டு வா, வேண்டாங்கலே. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும்." இட்டேரி இருந்தவரை எனக்கு அது விளையாட்டு.

இட்டேரியின் ஒரு பக்கத்துச் சோளக்காடு மட்டும் வைத்திருந்த பண்ணாடி, எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர், ஒரு வருஷம் மறுபக்கத்துக் காட்டையும் வாங்கினார். இரண்டு பக்கமும் நம்முடையது, நடுவில் ஊருக்கு எதற்குத் தடம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு முனையிலும் இலந்தை முள்ளைப் போட்டு அடைத்துவிட்டார். ஊரே போய்க் கேட்டது. "சுத்திப் போங்க, கால் தேஞ்சா போயிரும்?" என்றார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பண்ணாடி நகரவில்லை.

பெரிய ரோட்டைச் சுற்றிப் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்ப முடியாது. மாமியார் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். சந்தை நாளில் மட்டும் காலையில் போய் வந்தேன். அப்படிப் போன ஒரு நாள் அம்மா கையைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள். இழுத்துப் பார்த்தேன். தடவித் தடவிக் களி கிண்டப் போய், கை முழுக்க வெந்து கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், இந்த வருஷத் திருவிழா நோம்பிக்கு முன்குடம் நான் எடுக்கிறேன் என்று.

நோம்பிக்குக் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் நடந்தே வரும். எடுத்த குடத்தை வழியில் கீழே வைக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது. முன்குடம் எங்கே போகிறதோ, மற்ற குடங்களும் மேளமும் பின்னாலேயே வர வேண்டும். இதெல்லாம் பண்ணாடிக்கும் தெரியும். நான் என்ன நினைத்திருந்தேன் என்பதுதான் தெரியாது.

அம்மாவின் ஊரைத் தாண்டியதும் எல்லோரும் ரோட்டுப் பக்கம் பார்க்க, நான் இட்டேரிப் பக்கம் திரும்பினேன். பின்னால் பூசாரி, "ஏ புள்ள, அங்க முள்ளு!" என்று கத்தினார். நான் காதில் வாங்கவே இல்லை. மேளம் வந்துவிட்டது, ஊரும் வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பண்ணாடி தடியோடு வந்தார். முள்ளுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஈரச் சேலையோடு நான்.

"பண்ணாடி, கொடம் தலைல இருக்குதுங்க. எறக்கறதுக்கும் இல்லீங்க, திரும்பறதுக்கும் இல்லீங்க. எப்புடிப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க."

மேளக்காரர்கள் விடாமல் அடித்தார்கள். பண்ணாடி என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அதற்குள் அவர் வீட்டம்மாவே சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்து, "அம்மனை முள்ளுல நிக்க வெப்பாங்களா? அருவாள எடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். தடியைப் போட்டுவிட்டுப் பண்ணாடியே முள்ளை வெட்டி இழுத்தார். அந்த முனையிலும் போய் அவரே வெட்டினார். அந்தம்மா என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது, கோட்டையைப் பிடித்த ராஜாவுக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் குடத்தை இறக்கியதும் பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தீர்த்தம் நடந்த தடம் இனி அம்மன் தடமுங்க. அதை யாரும் அடைக்கப்படாது." யாரும் அடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தூக்குப்போசியோடு போனேன். அம்மா வாசலில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வெயிலு இன்னும் மூஞ்சில சுடுது. அதுக்குள்ளயே வந்துட்டயா சாமி?"

"வந்துட்டேன். நாளைக்கும் வாரேன்," என்று சொல்லி, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது மாமியார் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்து தீப்பெட்டிக்குக் கை நீட்டினேன்.

"குடுங்கத்தே, நானே ஏத்தறேன்."