சித்தியின் முகத்தில் சரிபார்த்த லென்ஸ்

கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை செய்கிறேன். டொக்டர் எழுதிக் கொடுத்த பவருக்கு வரும் கண்ணாடியை, வாங்குபவர் தேர்ந்தெடுத்த பிரேமுக்கு ஏற்ற மாதிரி விளிம்பு தேய்த்துப் பொருத்துவது என் வேலை. கல்யாணமான புதிதில் என் கணவருக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. "வைஃப் கண்ணாடி வெட்டுவா, கையிலயே பவர் பார்ப்பா" என்று கூட்டாளிகளிடம் சொல்வார். கையால் யாரும் பவர் பார்க்க முடியாது. ஆனாலும் நான் திருத்தியதில்லை.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். லீவு நாட்களில் படம் எடுப்பார். ஃபோனில் எடுப்பது அவருக்குப் பிடிக்காது, ஃபிலிம்தான் வேண்டும். கலகெதரயில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து பழைய ரஷ்யக் கமரா ஒன்றை வாங்கி வந்தார். அந்த வகைக் கமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எதிரே நிற்கிற ஆள் அதில் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் அழுத்தினால் படம் தெளிவாக விழும். லென்ஸின் பின்விளிம்பு கமராவுக்குள் ஒரு குட்டி உருளையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் ஜன்னலில் உருவம் நகர்கிறது. விளிம்பு மயிரிழை பிசகினாலும் ஜன்னலில் ஒன்றாகத் தெரியும் ஆள் படத்தில் மங்கிப்போவார், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருக்கும்.

கமராவோடு வந்த லென்ஸில் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெளிநாடுகளில் சில பேர் கையாலேயே லென்ஸ் செய்கிறார்கள் என்று அவர் ஃபோனில் படங்கள் காட்டினார். நடுவில் மட்டும் கூர்மையாகவும் ஓரங்கள் தண்ணீரில் கரைந்த மாதிரியும் இருந்தன. நமக்கெல்லாம் அது கிடைக்காது என்றார்.

"நான் செஞ்சு பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, சந்தோஷமாகத்தான். அதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன்.

கம்பளையில் ரேடியோ, மணிக்கூடு திருத்தும் கடையில் உடைந்துபோன சின்னக் கமரா ஒன்று கிடைத்தது. அதிலிருந்து கண்ணாடிகளைக் கழற்றினேன். பூஞ்சணம் பிடித்த லென்ஸின் திருகும் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டையும் இணைக்கும் பித்தளை வளையத்தை, கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் பட்டறையில் நான் கீறிக் கொடுத்த அளவுக்குக் கடைந்து தந்தார்கள். ஒரு கண்ணாடியை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் பொருத்தினேன். ஓரங்கள் கரைவது அதனால்தான்.

செய்வது சீக்கிரம் முடிந்தது. சரிபார்ப்பதுதான் முடியவில்லை. பேராதனை வீதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு மேலே மொட்டை மாடி உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஹந்தானை மலையும் உச்சியில் நிற்கும் கோபுரமும் தெரியும். கமராவின் பின்கதவைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் இடத்தில் மங்கலான டேப் ஒட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியால் பார்ப்பேன். கோபுரம் தலைகீழாகத் தெரியும். தெளிவு போதவில்லை என்றால் சோடா டின்னை வெட்டி மெல்லிய வளையம் செய்து லென்ஸுக்கு அடியில் வைப்பேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மலையில் பனி இறங்கிவிடும், கோபுரம் காணாமல் போகும். பனி விலகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு மேலே வருவார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தூரம் சரியானபோது கிட்டம் பிழையாகிவிட்டது. அதைக் கடையில் வைத்துப் பார்த்தேன். கண் சோதிக்கும் எழுத்துப் பலகைதான் எனக்குக் குறி. முதலாளி அக்குறணைக்காரர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பலகைக்கு முன்னால் கமராவோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, கமராவுக்கும் கண்ணாடி போடப் போறீங்களா?" என்றார்.

"ஓம் நானா. அதுக்கும் கிட்டத்துல தெரியல்ல."

கமராவில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைத் திருகினால் ஜன்னலை லென்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடலாம். என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "அதத் திருகி விட்டா வேல முடிஞ்சிடுமே" என்றார். திருகினால் இந்த லென்ஸுக்குச் சரியாகும், அதற்குப் பிறகு அந்தக் கமராவில் போடும் வேறு எந்த லென்ஸுக்கும் சரிவராது. நான் விடவில்லை. பித்தளைப் பின்விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. ஒரு வளையம் அப்படியே பாழாகி இன்னொன்று கடைந்து வாங்க வேண்டி வந்தது.

எழுத்துப் பலகையில் சரி என்று பட்டதும் உயிருள்ள முகத்தில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முகம் ஆடும், பேசும், சிரிக்கும். புசல்லாவையில் என் சித்தி இருக்கிறார், அம்மாவின் தங்கை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு நானும் கணவரும் பஸ்ஸில் போனோம். லயத்து வரிசை வீட்டின் வாசலில் சித்தியை நிற்கச் சொன்னேன். கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி எங்கள் ஊர்க் கதை முழுவதையும் தொடங்கியதும், மெயின் ரோட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பஸ்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டார். கமரா என் கையில் இருந்தது. அவர் ஃபோனோடு போனார்.

"அசையாதீங்க சித்தி."

"அசையாம என்னாத்த நிக்கிறது? அடுப்புல சோறு கெடக்கு. வெரசா எடு புள்ள."

கிட்டே போயும் தள்ளி நின்றும் மாறி மாறி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் சித்தியின் இடது கண் இரண்டாகி ஒன்றாகும் வரைக்கும் திருப்பினேன். கடைசியாக எடுக்கும்போது உள்ளேயிருந்து கருகிய வாசனை வந்தது. சித்தி சட்டென்று திரும்பி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். அந்த நொடியில் அழுத்தினேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. பகல் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் திட்டினார்.

ரோலில் மீதியைக் கணவர் எடுத்து முடித்தார். குளியலறையை இருட்டாக்கி அவரேதான் ஃபிலிமைக் கழுவினார். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கியை வைத்து, சித்தியின் கண் இமை மயிரை என்னால் எண்ண முடிந்தது. முகத்தைச் சுற்றி லயமும் மலையும் கரைந்துபோயிருந்தன. லென்ஸ் சரி என்று தெரிந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த லென்ஸில் அவர் நிறைய எடுத்தார். நல்ல படங்கள்தான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியும். யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, டவுனில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்க ஏற்பாடானது. மலையகத்து முகங்கள் என்று தலைப்பு. சித்திக்குச் சொல்லியனுப்பினேன். புதுச் சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் சித்தியின் முகம், அன்றைக்கு நான் கடைசியாக எடுத்த படம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: மலையின் மௌனம். அதற்குக் கீழே என் கணவருடைய பெயர். அந்தப் படத்தைப் போடப் போவதாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுற்றி நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற சித்தியை ஒருவரும் பார்க்கவில்லை. கணவர் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு லென்ஸைக் காட்டிக்கொண்டு நின்றார். தானே செய்தது, ஹந்தானைக் கோபுரத்தை வைத்துச் சரிபார்த்தது, பனி விலகக் காத்திருந்தது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

சித்தி நேரே போய் அவர் பக்கத்தில் நின்றார்.

"மாப்புள, இது எங்க புள்ள எடுத்ததுல்ல? சோறு அடிப்பிடிச்ச அன்னைக்கு? நீங்க ரோட்டுக்குப் போயிட்டீங்களே."

வெளிநாட்டுக்காரர் இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். தன் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் சந்தோஷப்படுகிறார் என்று கணவர் சொன்னார். நிதானமாக, சிரித்த முகத்தோடு சொன்னார்.

நான் கிட்டே போய் ஆங்கிலத்தில் சொன்னேன். "படத்தை எடுத்தது நான் என்று சொல்கிறார்."

வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். "என் மனைவி" என்றார் அவர். "எனக்கு நிறைய உதவி செய்வாள்." வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்துத் தலையசைப்பது போல. பேச்சு மறுபடி லென்ஸுக்குப் போய்விட்டது.

சித்தியை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். புசல்லாவை வழியாகப் போகும் நுவரெலியா பஸ் புறப்பட நேரமிருந்தது.

"நீ ஏன் வாயத் தொறக்கல?" என்றார்.

"தொறந்தேன் சித்தி. இங்கிலீசுல சொன்னேன்."

"வெள்ளக்காரனுக்குச் சொல்லி என்னாத்துக்கு? ஒன் புருசனுக்குக் கேக்குற மாதிரி தமிழ்ல சொல்லியிருக்கணும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார். "மௌனம்னா பேசாம இருக்கிறதுதானே? என்னப் போயி ஏன் அப்படி எழுதி வச்சிருக்காரு?" எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

சித்தி சொன்னபடி வீட்டுக்கு வந்ததும் தமிழில் கேட்டேன்.

"அந்தப் படம் நான் எடுத்ததுனு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அந்த ரோல்ல பாதிக்கு மேல நான் எடுத்தது. எது ஒன்னோடது, எது என்னோடதுனு யாருக்குத் தெரியும்?"

"சித்தி யாரப் பாக்குறாங்கனு படத்துல தெரியல்லியா?"

"நானும் அங்கதான் நின்னேன்" என்றார். "நீ மறந்துட்ட. கடைசிப் படம் நான்தான் எடுத்தேன். வெளிச்சம் பக்கவாட்டுல வந்துச்சு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே அது ஞாபகம் இருந்தது. கழுவும்போதும் பெரிதாக்கும்போதும் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்தவர், பார்த்துப் பார்த்து தன்னை அந்த வாசலில் நிறுத்திவிட்டார். அங்கிருந்து அவரை இறக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சித்தி சாட்சி சொல்லி முடித்துவிட்டார், அதையும் அவர் வேறு மாதிரி மொழிபெயர்த்துவிட்டார்.

"ஒங்க சித்தியால எனக்கு எவ்வளவு வெக்கமாப் போச்சு தெரியுமா?" என்றார்.

கண்காட்சி முடிந்த பிறகு லென்ஸை அலுமாரியில் தேடினேன். இல்லை. கேட்டதற்கு, அந்த வெளிநாட்டுக்காரர் மிகவும் ஆசைப்பட்டார், அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றார். நாளைக்கு அவருடைய நாட்டிலும் ஒரு கண்காட்சி வைக்க உதவுவாராம்.

"என்னக் கேக்காமயா?"

"நீதான் இன்னொன்னு செஞ்சிடுவியே. இப்ப ஒனக்குக் கை பழகிப்போச்சு."

செய்யமாட்டேன் என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு கெஞ்சினார், அதற்குப் பிறகு கோபித்தார். கொஞ்ச நாள் கழித்து கொழும்பில் யாரிடமோ சொல்லி ஒன்று செய்வித்துக்கொண்டு வந்தார். அது எந்தத் தூரத்திலும் சரியாக விழவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகாணியைத் திருகினார். தடுக்கவில்லை. அவருடைய கமரா.

அங்கே கண்காட்சி எதுவும் நடக்கவில்லை. ஒரு காலையில் மட்டும் அந்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து கணவருடைய ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. லென்ஸில் தூரம் தெளிவாக விழவில்லை, உள்ளே மெல்லிய வளையம் ஒன்று மடிந்திருக்கிறது, கழற்றலாமா, பின்விளிம்பைத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தார். கணவர் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு என்னா எழுதுறது?"

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். ஆனால் அந்த மனிதர் அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விளிம்பைத் தொடவே வேண்டாம், அது சரியாகத் தேய்த்ததுதான், சோடா டின்னில் புது வளையம் வெட்டுங்கள், தூரத்தில் ஒரு கோபுரத்தைப் பார்த்துச் சரி செய்யுங்கள், கிட்டம் தானாக வரும் என்று விளக்கமாக எழுதினேன். அவர் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

பதில் வந்தபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று சத்தமாக வாசித்தார். சொன்னபடி செய்தேன், அற்புதமாக இருக்கிறது, உங்களைப் போல ஒரு கலைஞனைச் சந்தித்தது என் பாக்கியம் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார்.

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா என்னா எழுதியிருக்காருனு?"

"கேட்டேன்" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."