நைனா கடைந்து கொடுத்த பந்துகள்

பையைத் திறந்ததும் நான்கு பந்துகளும் பளபளவென்று மின்னின. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வடக்கே ஒரு மைதானத்தில், இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் நாள் அது. இதில் தேறிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. தேறாவிட்டால் அதோடு சரி. இன்னொரு தடவை லீவு கேட்டால் வேலையை மறந்துவிடு என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அக்கா ஆடியது லான் பௌல்ஸ். புல்தரையில் தூரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். நம் பந்தை உருட்டி அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சொன்னால் கோலி விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பந்து முழு உருண்டை கிடையாது. வேண்டுமென்றே ஒரு பக்கத்தைச் சற்று மாற்றிச் செய்திருப்பார்கள். வேகம் குறையக் குறைய அது வளைந்து திரும்பும். அந்த வளைவு இல்லையென்றால் ஆட்டமே இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே, இந்தியச் சட்டை போட்டு இரண்டு வெளிநாடுகளில் ஆடிவிட்டு வந்தவள் அவள். எங்கள் பக்கம் இந்த ஆட்டத்துக்கு ஒரு முழம் புல்தரை கிடையாது. விசேஷம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபத்தில், பந்தல்காரர் தயவில் பச்சைக் கம்பளத்தை விரித்து உருட்டுவாள். கம்பளத்திலிருந்த பிரியாணிக் கறைகள்தான் அவளுக்குத் தூரம் காட்டின.

ஒரு நாள் நைனா மண்டபத்துக்கு வந்து பார்த்தார். அவர் தொழிற்பேட்டையில் லேத்தில் இரும்பு கடைகிறவர். பந்து வளைந்து போனதை அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னாம்மா இது, கோணிக்கினு போவுது? ரிஜெக்ட் பீஸ உன் தலையில கட்டிட்டானுங்களா?"

"அது அப்டித்தான் நைனா போவும்" என்று அக்கா சிரித்தாள்.

மகள் குறை சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். காலமெல்லாம் கோணலை எடுத்துச் சோறு தின்ற மனிதர் வேறு என்ன நினைப்பார்? நாங்கள் அந்தத் தேர்வுக்குக் கிளம்பும் முன், துடைத்துத் தருகிறேன் என்று பையை வாங்கிப் போனார். சூப்பர்வைசரைக் கெஞ்சி, நான்கையும் லேத்தில் மாட்டிக் கடைந்து, பாலிஷ் போட்டு, பையை இறுக்கிக் கட்டி ஸ்டேஷனில் கொடுத்தார். "இந்த தபா பந்து உன் பேச்ச கேக்கும் பாரு" என்றார். ஆசீர்வாதம் என்றுதான் நினைத்தோம்.

அக்கா ஒன்றை உருட்டிப் பார்த்தாள். இம்மியும் வளையாமல் நேராகப் போய்ப் புல்தரையின் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. நடுவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவற்றை வைத்து ஆட முடியாது என்றார். வேறொரு பெண் இரக்கப்பட்டுத் தன் பந்துகளைக் கொடுத்தாள். அக்காவின் கைக்கு அவை பெரியவை, பிடியே நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எங்கெங்கோ போய் நின்றது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நைனா மட்டும் அங்கே இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்.

திரும்பும் ரயிலில் அக்கா பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கூடூர் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். "நைனாகிட்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா செத்துடுவாரு."

நைனா ஸ்டேஷனிலேயே காத்திருந்தார்.

"பந்து எப்டிம்மா போச்சு?"

"சூப்பரா போச்சு நைனா. எனக்குத்தான் கை வலி வந்துட்ச்சு."

அவர் அதை நம்பினார். இன்றைக்கும் நம்புகிறார். அக்கா இன்றும் அதே பேக்கிங்கில்தான் நிற்கிறாள்; அந்த மைதானமும் அரசு வேலையும் எங்கள் வீட்டில் பேச்சிலேயே வருவதில்லை. ஷிப்ட் முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் நைனா தைல பாட்டிலோடு வந்துவிடுவார். வலியே இல்லாத அந்த மணிக்கட்டை, கடவுளை நொந்துகொண்டே, அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமா என்று ஒவ்வொரு நாளும் தோன்றும்.

"இப்ப தேவலியாம்மா?" என்று நேற்றும் கேட்டார்.

"கொஞ்சம் கொறஞ்சிக்கினு வருது நைனா" என்று அக்கா கையை இன்னும் நன்றாக நீட்டிக் கொடுத்தாள்.