மதினி நின்ற இடம்

எண்பதுகளின் கடைசியில், எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் மகள் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வருகிற பிள்ளை. காரியம் முடிந்த பிறகும், அவளைப் பெற்ற மதினி அந்த பஸ் வரும் நேரத்துக்கு ஸ்டாப்பில் போய் நின்றாள். கடைசி ஆள் இறங்கும்வரை படிக்கட்டையே பார்ப்பாள்.

ஊர் பயந்தது. "பிள்ளை இவுகளைக் கூப்பிடுது" என்றார்கள். திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். அண்ணன் போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவார். மகள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அப்போது நான் டவுனில் சுகாதாரப் பணிக்கான பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாடம் எடுத்த அம்மா அடிக்கடி சொல்வார்: "புத்தி சொல்லாதீங்க. கேள்வி கேளுங்க. கேட்டுட்டு, அவங்க பேசுற வரைக்கும் சும்மா இருங்க." எனக்கு அது லேசில் வரவில்லை. வாய் துறுதுறுக்கும்.

ஒருநாள் மதினி பக்கத்தில் போய் நின்றேன். பஸ் வந்து, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "இங்க நிக்கையில என்ன தோணுது மதினி?" என்றேன்.

புழுதி அடங்கும்வரை பக்கத்திலேயே காத்து நின்றேன். மதினி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும் தாயி. கிறுக்கு ஒண்ணும் பிடிக்கல. வீட்டுல அவ பேரைச் சொல்ல விடமாட்டேங்காக. இங்க நின்னாத்தான் அவளை நெனைக்க முடியுது."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டார். "நீ எங்க வச்சுண்ணே அவளை நெனைப்ப?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"பருத்திக்காட்டுல," என்றார். "அங்கதான் ஒருத்தரும் பாக்க மாட்டாக." சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் பஸ் நேரத்துக்கு இரண்டு பேருமாகப் போய் நின்றார்கள். கொஞ்ச நாள் அப்படியே போனார்கள். பிறகு பேச்சு வீட்டுக்குள் வந்தது. சோறு போடும்போது மதினி அவள் பெயரைச் சொன்னாள், அண்ணன் எழுந்து போகவில்லை. ஸ்டாப்புக்குப் போவதும் தானாகக் குறைந்தது.

தொண்ணூறுகளில் எப்போது போனாலும் இரண்டு பேரும் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். "இந்நேரம் அவளுக்கு மாப்பிள்ளை பாத்திருப்போம்," என்பாள் மதினி. "டவுனு மாப்பிள்ளைதான் கேப்பா," என்பார் அண்ணன். அடுப்படியில் அவளும் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல எனக்கு முதுகு சில்லிடும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், "பெறகு?" என்று கேட்பேன்.