இருவருக்கான இருபத்துமூன்று நாட்கள்

"அவங்க எங்க?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலை மேசைமேல் வைத்தார் மேப்பு.

எதிரில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற காரில் ஒரு பெண்மணி செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கார்லயே இருக்கேன்னுட்டா. நீங்க போடுங்க. நான் சொன்னா அவ சரின்னுதான் சொல்லுவா."

"அதை அவங்களே வந்து சொல்லட்டுமே."

"என்னங்க இது, பத்திரப் பதிவா பண்றோம்? நாலு ஊர் பாக்கப் போறோம்."

"நாலு ஊரும் தரைவழியாப் போறீங்க. பதினாலு நாள். ரெண்டு பேர்னா ரெண்டு பேரும் இங்க உக்காந்து சொல்லணும். அதுக்கப்புறம்தான் பென்சிலை எடுப்பேன்."

பொறியாளர் முனகிக்கொண்டே எழுந்து வெளியே போனார். உள்ளறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"மேப்பு, வர்ற ஆளையெல்லாம் வாசலுக்குத் துரத்துறதே உங்களுக்கு வேலையாப் போச்சு."

"திரும்பி வருவாங்க தம்பி."

"வந்தா சரி."

அந்தப் பயண அலுவலகத்தில் விமான டிக்கெட் போட இரண்டு பேர் இருந்தார்கள். தரைவழிக்கு அவர் ஒருவர்தான். பழைய நகரங்களை ஒன்றோடொன்று கோத்து, எந்த ரயில், எந்தப் பேருந்து, எந்த வாசலில் இறங்குவது, எந்தக் கோட்டைக்கு என்றைக்கு வார விடுமுறை என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வயதில் கடித உறை ஒட்டச் சேர்ந்தவர். எந்நேரமும் வரைபடமும் கையுமாக இருந்ததால் இப்போதைய முதலாளியின் அப்பா வைத்த பெயர்தான் மேப்பு. முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் எழுதிக் கொடுத்த கோட்டைப் படிக்கட்டுகளின் எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அவற்றில் ஒன்றிலும் அவர் ஏறியதுமில்லை. போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த கணக்கு அது. சீசனில் அவருக்கு விடுப்பு கிடைக்காது. சீசன் முடிந்தால் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அப்படியே வருஷங்கள் போயின.

இருவரும் வந்து சொல்ல வேண்டும் என்ற விதி அவர் ஒருமுறை அடிபட்டுக் கற்றது. ஒரு மருந்துக்கடைக்காரர் தன் தம்பியையும் சேர்த்து நாற்பது நாள் திட்டம் போட்டு வாங்கிப் போனார். தம்பி இரண்டாவது நகரத்தின் ரயில் நிலையத்தில் பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப் பிளாட்பாரத்து ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் அலுவலகத்துக்கு வந்து ஃபைலை மேப்புவின் மேசையில் விட்டெறிந்தார். "அவன் வர்றானான்னு நீ கேட்டியாய்யா?" என்றார். கேட்டிருக்கவில்லை. அதன்பிறகு கேட்காமல் இருந்ததில்லை.

அவருடைய சொந்தத் திட்டம் ஒரு நீல ஃபைலில் இருந்தது. ஒன்பது வருஷமாக எழுதித் திருத்தி வந்தது. ஏழு நகரங்கள், இருபத்துமூன்று நாட்கள். முதல் நகரத்தில் மதில், அதன் ஒன்பது வாசல்கள். இரண்டாவதில் கூரை மூடிய கடைத்தெரு. நான்காவதில் பதினொரு வளைவுகள் கொண்ட கல்பாலம். ஐந்தாவதற்குப் போக ஒரு மலை ரயில். அதை விட்டால் வேறு வழி கிடையாது. முதல் பக்கத்தில் "பயணிகள்: மூவர்" என்று இருந்தது. மகள் கல்யாணமாகிப் போனதும் "இருவர்" என்று திருத்தினார். அந்த மலை ரயிலை இந்த சீசனோடு நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தபோது அவர் நேரே உள்ளறைக்குப் போய் விடுப்பு கேட்டார். முதலாளி வாயைப் பிளந்தார். பிறகு கொடுத்தார். ஏழு நகரங்களிலும் அறை உறுதியாயிற்று. வியாழக்கிழமை காலை கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் மனைவி வேலை முடிந்து வந்தாள்.

அவள் நகரப் பேருந்தில் கண்டக்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். டிக்கெட் மெஷினின் வார் இடது தோளில் ஒரு தடம் போட்டிருந்தது. எந்த இருக்கையின் முதுகில் இடுப்பைச் சாய்த்தால் எந்த வளைவில் விழாமல் நிற்கலாம் என்று அவளுக்குத் தெரியும். டியூட்டியில் தண்ணீர் குடிக்க மாட்டாள். கடைசி நிறுத்தங்களில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஸ்டூலின் மேல் தூக்கி வைப்பாள். கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு கிடக்கும்.

அன்றும் அப்படி வைத்த பிறகு அவர் டிக்கெட்டுகளை அவள் மடியில் வைத்தார்.

"டெப்போவுல லீவு சொல்லிட்டேல்ல?"

"எதுக்கு?"

"வியாழக்கிழமை கிளம்புறோம்ல."

அவள் டிக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பயணிகளின் செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பது மாதிரியே பார்த்தாள்.

"ஏங்க, எட்டரை மணி நேரம் பஸ்ஸுன்னு போட்டிருக்கு."

"அது மூணாவது ஊர்ல இருந்து நாலாவது ஊருக்கு. வழியெல்லாம் அவ்ளோ அழகா இருக்குமாம். உனக்கு முதல் சீட்டு போட்டிருக்கேன்."

"முதல் சீட்டா. கண்டக்டர் பக்கத்துலயா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் வர்றேன்னு எப்ப சொன்னேன்?"

"என்ன இப்படிக் கேக்குற? ஒன்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். நீயும் ம் கொட்டிக்கிட்டுத்தானே இருந்தே."

"ஒரு நாளைக்கு எழுநூறு பேர் எங்கிட்ட ஊர் பேரு சொல்றாங்க. எழுநூறு பேருக்கும் ம்தான் கொட்றேன். அதுக்காக அந்த ஊருக்கெல்லாம் நானா போறேன்?"

"அவங்களும் நானும் ஒண்ணா?"

"இல்லைதான். அவங்க கையை நீட்டி எங்க போறோம்னு சொல்லிட்டு நிறுத்திக்குவாங்க. நீங்க பேசிட்டே இருப்பீங்க." டிக்கெட்டுகளை ஒன்றாகத் தட்டி அடுக்கி அவரிடம் நீட்டினாள். "ஆபீசுக்கு வர்றவன்கிட்டயெல்லாம் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா, அவ வாயால சொல்லட்டும்னு அடம் பிடிக்கிறீங்களாம். பெருமையா வந்து சொல்லுவீங்க. எனக்கு மட்டும் யாரு நாற்காலி போட்டா?"

அவர் டிக்கெட்டை வாங்கவில்லை. அவள் அதை ஸ்டூலில் தன் பாதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ்ஸை எல்லாம் ரயிலா மாத்திரட்டுமா?" என்றார்.

"எனக்கு லீவுன்னா உக்காரணும். நகராத இடத்துல உக்காரணும். அவ்ளோதான்."

"அந்த மலை ரயிலு இந்த வருஷத்தோட முடிஞ்சுது. அப்புறம் போகவே முடியாது."

"அப்ப போயிட்டு வாங்க. நான் குறுக்க நிக்கலையே."

"தனியா எப்படிப் போறது?"

"ஏன், வழி தெரியாதா? ஊருக்கே வழி எழுதிக் குடுக்குறவரு."

அவள் கால்விரல்களை மடக்கி நீட்டினாள். குரலை உயர்த்தாமலே பேசினாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போறப்ப நடுவழியில டீ குடிக்க இறங்கிட்டு வேற பஸ்ல ஏறி உக்காந்தீங்க. நான்தான் இறங்கி வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். உங்களுக்குத் துணை வேணாங்க. கண்டக்டர்தான் வேணும். அந்த வேலைக்கு எனக்கு ஏற்கெனவே ஆர்டர் இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் எப்போதும்போல்தான் இருந்தது.

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. முதல் பக்கத்தில் "இருவர்" என்பதை அடித்து "ஒருவர்" என்று எழுதினார். எழுதியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. போனால்தான் என்ன? சின்னப் பிள்ளையா?

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முதல் நகரம். மாலை ஆறே கால் மணிக்குப் பேருந்து போய்ச் சேரும். விடுதி நாலாவது வாசலுக்கு உள்ளே. அதற்குக் கீழே தன் கையெழுத்திலேயே, எப்போதோ எழுதியது: "இறங்கியதும் வழி, அவள் கேட்பாள்." அதை அடித்தார். மூன்றாம் நாள் பக்கத்தில், "பேருந்து மாற வேண்டும். இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அவள் முதலில் ஏறி இடம் பிடிப்பாள்." அடித்தார். இரண்டாவது நகரத்தில், "கூட்டம் அதிகம். அவள் முன்னால் போவாள்." எல்லைச் சாவடியில், "அதிகாரியிடம் அவள் பேசட்டும்."

வாடிக்கையாளர் யாருக்கும் இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாத் திட்டத்திலும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் கழிப்பறை எங்கே என்று குறித்திருப்பார்; அது அவர் வழக்கம். நீல ஃபைலில் அது மட்டும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தார். எட்டரை மணி நேரப் பயணத்துக்கு நேரே, "அவளுக்குப் பழக்கம்" என்று இருந்தது.

நான்காவது நகரம் வரை அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வரியை அடித்த பிறகும் அந்த இடத்தில் தான் மட்டும் பெட்டியோடு நிற்பது தெரிந்தது. ஆறே கால் மணி. முகம் தெரியாத கூட்டம். யாரைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டால் என்ன செய்வது. கல்பாலம் வரும் தாளோடு ஃபைலை மூடினார்.

குளித்துவிட்டு வந்தவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"என்ன, போறீங்களா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா போகலைன்னு அர்த்தம்," என்றாள். அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

மறுநாள் அவர் ஒன்பது மணிக்கு அலுவலகம் போனார். ரத்து செய்வதைக் கடைசி ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஏழாவது நகரத்தின் விடுதியிலிருந்து ஆரம்பித்து முதல் நகரம் வரை வந்தார். இரண்டு விடுதிகள் காரணம் கேட்டன. உடல்நிலை என்று எழுதினார். பன்னிரண்டரை மணிக்கு அந்த வேலை முடிந்தது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். முதலாளி, உங்கள் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, வியாழக்கிழமை வந்துவிடுவான், நீங்கள் லீவை வீட்டில் கழியுங்கள் என்றார். நீல ஃபைலைப் புரட்டிப் பார்த்து, நல்ல ரூட்டாக இருக்கிறது, அலுவலகத்துக்கு உதவும் என்றும், புது ஆள் இந்த அடித்தல் திருத்தல்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்வான் என்றும் சொன்னார். மலை ரயில் இந்த சீசன் வரைதான் என்று மேப்பு நினைவுபடுத்தினார். சாப்பிட்டார். மதியத்துக்குமேல் மூன்று பேர் வந்தார்கள். ஆறு மணிக்கு வீட்டுக்கு நடந்தார். மனைவி சமைத்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். இருபத்துமூன்று நாளும் வீட்டிலா இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியென்றால் கேஸ் சிலிண்டர்காரன் வரும்போது ஆள் இருக்கும் என்றாள். எட்டரைக்குப் படுத்தாள். அவளுக்கு முதல் வண்டி காலை ஐந்து பத்துக்கு.