மூக்கையா அண்ணனுக்குக் கட்டிய பரிவட்டம்

மூக்கையா அண்ணன் கடைக்கும் என் பூக்கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் அங்கே பெருமூச்சு விட்டால் இங்கே என் மல்லிகை வாடும். லேக் மார்க்கெட்டில் அப்பளம், புளி, வடகம், அரைத்த காப்பிப்பொடி என்று நம்மவர்களுக்கு வேண்டியது எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து இளவயதில் வங்காளத்துக்கு வந்தவர். கடும் உழைப்பாளி. எடையில் ஏமாற்ற மாட்டார், குடிக்க மாட்டார். இத்தனை நல்ல குணத்துக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல ஒரே ஒரு குணம் உண்டு. பட்டாபிராமன் சார் பேரைக் கேட்டால் அவருக்கு வயிறு எரியும்.

பட்டாபிராமன் சார் பேங்க்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்க்கெட்டுக்குப் பின்புறம் மாடி வீட்டில் இருக்கிறார். வங்காளம் பேசினால் வங்காளிகளே வாய் பார்ப்பார்கள். மீன் வாங்காத வங்காளி என்று அவரைக் கேலி செய்வோம்.

சந்துக்குள் எங்களுக்கு ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஏரிக்கரையிலிருந்து பால்குடம் வரும். ஊர்வலம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். போலீஸ் ஸ்டேஷனை இந்த ஊரில் தானா என்பார்கள், அங்கே பெரிய அதிகாரிக்குப் பொரோ பாபு என்று பெயர். யார் தானாவுக்குப் போய் அனுமதி வாங்கி வருகிறாரோ அவருக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை. தலையில் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க விடுவோம். வருஷா வருஷம் அது பட்டாபிராமன் சாருக்கே போயிற்று.

அன்னதானத்துக்கு அரிசியும் எண்ணெயும் வெல்லமும் கொடுப்பது மூக்கையா அண்ணன். கொடுத்துவிட்டு, பிரசாதத் தொன்னைக்கு வரிசையில் நிற்பதும் அவரேதான். “பாத்தியா செல்வராணி, கைய வீசி நடக்குறத? அரிசி மூட்டை தூக்குன கையா அது?” என்பார். சார் காப்பிப்பொடி வாங்க வந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். “சிக்கரி கம்மியாப் போடுங்கோ” என்று சார் சொல்லிவிட்டுப் போனதும், “பொரோ பாபுவுக்குக் கொண்டு போறாரில்ல, அதான் கம்மி” என்று காப்பி அரைக்கும் மிஷினிடம் சொல்லிக்கொள்வார். போலீஸ் ஜீப்பிலிருந்து ஒருவர் சாருக்குக் கை காட்டிவிட்டால் அன்றைக்கு அவர் மனைவி ஜானகி அக்கா வைத்த குழம்பில் உப்பு சரியில்லை என்று சண்டை நடக்கும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருந்தது. அண்ணனின் ஒரே மகள் சரிதா, காலேஜில் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள், தமிழைவிட வங்காளம் சரளம். சின்ன வயதில் கணக்குப் படிக்க சார் வீட்டுக்குப் போனவள் கணக்கை விட்ட பிறகும் போவதை விடவில்லை. சாரை ஜேட்டு என்று கூப்பிடுவாள். அப்பாவின் அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். “எனக்கு அண்ணனே கிடையாது, இவளுக்கு எங்கேருந்து பெரியப்பன் வந்தான்?” என்று அண்ணன் கேட்டது தடுப்புக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

மாசியில் ஊர் கெட்டது. தீபு என்று ஓர் ஆட்டோக்காரன், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பையன். ஏதோ ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினான் என்று தானாவுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது கை உடைந்திருந்தது. படியில் விழுந்தான் என்றது போலீஸ். எந்தப் படி என்று கேட்டுச் சாலை மறியல் நடந்தது, தடியடியும் நடந்தது. அதன்பின் மார்க்கெட்டில் போலீஸ்காரன் டீ கேட்டால் பால் தீர்ந்துவிட்டது என்ற பதில்தான். அவர்களும் லேசில் விடவில்லை. கடைக்கு வெளியே ஒரு கூடை நீட்டிக்கொண்டிருந்தாலும் லத்தியால் தள்ளினார்கள். என் செவ்வந்திக் கூடையை ஒருவன் காலால் தள்ளினான். அவன் பரம்பரைக்கே நான் வாழ்த்துச் சொன்னேன், நல்லவேளை தமிழில் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் கோயில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. பட்டாபிராமன் சார் எழுந்து, “இந்த வருஷம் தானாவுக்கு நான் போகப்போறதில்லை. யாராவது பாத்துக்கோங்கோ” என்றார். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. “அங்கே செல்வாக்குப் போச்சு போல. உள்ளே விடமாட்டேன்னுருப்பாங்க” என்று என் காதில் சொன்னார். சொன்ன கையோடு எழுந்து, “நான் போறேன்” என்றார்.

மறுநாள் தூக்கு நிறைய மெதுவடையும் பிளாஸ்க் நிறைய காப்பியுமாகப் போனார். அனுமதி உடனே கிடைத்தது. கிடைக்காமல் என்ன? ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த பொரோ பாபுவுக்கும் ஜனங்களோடு சிரித்தபடி ஒரு போட்டோ வேண்டியிருந்தது. தானே விழாவுக்கு வருவதாகவும் சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “சாருக்கு எந்தப் பொரோ பாபுவாவது கோயில் வரைக்கும் வந்திருக்கானா? எனக்கு வர்றான். பொன்னாடை போத்துறேன். நம்ம சரிதா தட்டு ஏந்திச் சந்தனம் வைக்கிறா.”

எனக்குக் கோபம் வந்தது. “அண்ணே, இந்த நேரத்துல அந்தாளுக்குப் பொன்னாடையா? தீபு வீடு அடுத்த சந்துலதானே இருக்கு?”

“பெரிய மனுசன் வந்தா பொன்னாடை போத்துறது நம்ம வழக்கம். அதுக்கும் ஆட்டோக்காரன் கைக்கும் என்ன இருக்கு?”

அதுதான் எங்களவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மேடை, மைக், அதிகாரி மூன்றும் சேர்ந்தால் எங்கள் கை தானாகப் பொன்னாடையைத் தேடும். சரிதா முதலில் மாட்டேன் என்றாளாம். அப்பா மன்றாடவே, கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, “சரி, வரேன்” என்றாளாம். ஜானகி அக்கா சொன்னாள்.

உத்திரத்தன்று அண்ணனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான்தான் மாலை கட்டிக் கொடுத்தேன், நல்ல சம்பங்கி மாலை. மனிதர் அழகாகத்தான் இருந்தார். ஆனால் வழக்கமாகத் தெருமுனையில் எங்களுக்கு சர்பத் ஊற்றும் கிளப் பையன்கள் வரவில்லை. மொட்டை மாடியிலிருந்து பூ போடும் அம்மாக்கள் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். ஊர்வலம் வந்தால் தானாக ஒதுங்கும் ஆட்டோக்கள் அசையாமல் நின்றன, நாங்கள்தான் பால்குடத்தோடு சுற்றிப் போனோம். அண்ணன் இது எதையும் பார்க்கவில்லை. அவர் கண் கூட்டத்தில் பட்டாபிராமன் சாரைத் தேடிக்கொண்டிருந்தது. சார் வரவே இல்லை. பார்க்க வேண்டியவர் பார்க்காத பரிவட்டம் எதற்கு என்று அவருக்கு மனசு சுண்டியது, முகத்திலேயே தெரிந்தது.

கோயில் வாசலில் சின்ன மேடை போட்டிருந்தார்கள். பொரோ பாபு மைக்கைக் கையில் வாங்கி இரண்டு வார்த்தை பேசினார். அண்ணன் பொன்னாடையைப் போர்த்தினார். சரிதா தட்டோடு மேடை ஏறினாள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காலேஜ் படியில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

பொரோ பாபு அவளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. வங்காளத்தில் பேசினார், சந்து முழுக்கக் கேட்டது.

“அட, கை முறுக்கிட்டாங்கன்னு கம்ப்ளெயின்ட் கொடுக்க வந்த பொண்ணுதானே நீ? மூக்கையா பாபு பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில உட்கார வச்சிருப்போமா? கூட வந்த பெரியவரை அல்லவா உன் அப்பான்னு சொன்னே?”

“ஆமா, சொன்னேன்” என்றாள் சரிதா, வங்காளத்திலேயே.

பிறகு தட்டைக் கீழே வைத்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். கட்டு முழங்கைக்குக் கிட்டே வரை இருந்தது. “சந்தனம் நீயே வச்சு விடுப்பா. எனக்குக் கை வலிக்குது” என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பொரோ பாபு பொன்னாடையை மடித்துக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து ஜீப்பில் ஏறினார். மேலே ஒரு ஜன்னல் திறந்தது, பிறகு இன்னொன்று.

அண்ணன் கடைக்கு வந்து பரிவட்டத்தை அவிழ்த்து அப்பளக் கட்டு மேல் வைத்தார். “அவ்வளவும் நடந்திருக்கு. என்கிட்ட ஏன் சொல்லல?”

எனக்கு அடக்க முடியவில்லை. “சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நாம பிழைக்க வந்தவங்க, போலீஸோட வச்சுக்காதேன்னு அவளைத்தான் திட்டியிருப்பீங்க. திட்டிட்டு அவங்களுக்கு வடை கொண்டு போயிருப்பீங்க.”

அவர் பரிவட்டத் துணியை எடுத்து நாலாக மடித்தார். “அவரை அப்பான்னு சொல்லியிருக்கா, செல்வராணி” என்றார். “மாலை போகட்டும், பரிவட்டம் போகட்டும். கடைசில இதையுமா அந்த மனுசன் எடுத்துக்கிட்டான்?”

சட்டென்று எழுந்து சார் வீட்டை நோக்கி நடந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்து பின்னாலேயே போனேன். கதவைத் திறந்த பட்டாபிராமன் சார் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“தப்புதான் மூக்கையா. தீபுவுக்காக நின்ன கூட்டத்துல இருந்திருக்கா. போலீஸ்காரன் ஒருத்தன் போனைப் பிடுங்கிக் கையை முறுக்கிட்டான். இங்கே வந்து அழுதா. தானாவுக்குக் கூட்டிண்டு போனேன். பொரோ பாபு புதுசா வந்தவன், என்னைத் தெரியாது, யார் நீங்கன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ சொல்லிட்டா. இல்லேன்னு சொன்னா என்னை வெளியில அனுப்பிடுவான். குழந்தை என் கையைப் பிடிச்சுண்டிருந்தா. அதனால சும்மா இருந்துட்டேன். கம்ப்ளெயின்ட்டை அவன் வாங்கவே இல்லை. இனிமே இந்த வாசல் மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“கமிட்டியில ஏன் சொல்லல?”

“உங்காத்து விஷயம். அவ சொல்லச் சொல்லலை.”

சண்டை போட வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாளா?” என்று மட்டும் கேட்டார். சார் தலையாட்டினார். அண்ணன் படியிறங்கிவிட்டார். அந்தப் படியிறங்கும் முதுகைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது, அத்தனை கோபத்திலும்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு தானாவுக்குப் புறப்பட்டார். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருக்கட்டும் என்று என்னையும் வரச் சொன்னார். வடையும் இல்லை, காப்பியும் இல்லை. வெறும் கை. வழியெல்லாம் சரிதா எங்களுக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள்.

கம்ப்ளெயின்ட் கொடுக்க வந்திருக்கிறோம் என்றதும் கான்ஸ்டபிள் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். நீங்கள் யார் என்று கேட்டான். நேற்று பொன்னாடையைக் கையில் வாங்கியவன் அவன்தான், அண்ணனை நன்றாகத் தெரியும்.

“பொண்ணோட அப்பா” என்றார் அண்ணன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

உட்காரச் சொன்னான். வராந்தாவில் நீள பெஞ்சு. உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் அவன் திரும்பி வந்து, “மூக்கையா பாபு, நீங்க ஏன் வெளியே? உள்ளே ஃபேன் இருக்கு, வாங்க. டீ சொல்றேன்” என்றான்.

அண்ணன் மகளைப் பார்த்தார். “அன்னைக்கு சாரை உள்ளே கூப்பிட்டாங்களா?”

“இல்ல. இங்கேதான். டீயும் கிடையாது.”

“அப்ப எனக்கும் வேணாம்” என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டார். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். வெயில் வராந்தாவுக்குள் நகர்ந்து வந்தது. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு ஆள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, எங்களைக் கண்டுகொண்டு, போகாமல் வாசலிலேயே நின்றார்.

அண்ணன் மறுபடி மகள் பக்கம் சாய்ந்தார். “சார் எந்த இடத்துல உட்கார்ந்திருந்தார்?”

சரிதா என்னைக் கை காட்டினாள். சுவரோரமாக நல்ல சாய்மானம் கிடைத்ததென்று நான் வசதியாக உட்கார்ந்திருந்த இடம்.

“எந்திரி செல்வராணி” என்றார்.

பாவி மனுசன், இங்கேயுமா என்று திட்ட வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து எழுந்துகொண்டேன். அவர் நகர்ந்து அங்கே உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்தார். பிறகு மகள் இருந்த பக்கத்துக் கையை மட்டும் எடுத்து, விரித்தபடி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, எங்கோ பார்ப்பவர் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.