கிணற்றில் கூட்டிய பத்தடி

போன மாதம் நான் எழுதிய ஒரு பொய்யை, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் படிக்கலாம். அழிக்கத்தான் முடியாது!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் மூட்டை ஏற்றினேன், புரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கிணறு அளக்கிறேன். ஓர் ஆராய்ச்சிக் குழுவின் வேலை. வாரம் ஒருமுறை நாடாவை இறக்கி, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று போனில் பதிய வேண்டும்.

குழுவில் இருக்கும் ஜெனிட்டா முதல் நாளே சொல்லியிருந்தார்: "இது பிளாக்செயின்ணே. ஒரே நோட்டு நூறு ஊர்ல இருக்கிற மாதிரி. ஒரு நோட்டுல கைய வச்சா மத்ததெல்லாம் காட்டிக்குடுத்துரும். யாரு வேணாலும் பாக்கலாம். எங்க எம்புட்டுத் தண்ணி இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாத்தானே நாளைக்கும் மிச்சம் இருக்கும்?"

தலையாட்டினேன். புரிந்ததா? இல்லை.

போன மாதம் ஒரு நாள், மாயக்கா தோட்டத்துக் கிணற்றில் மூன்றடிதான் தண்ணீர். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் விவசாயம் பார்த்து மகனை ஆளாக்கியவர். நான் பதியும்முன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மகனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கோம். அந்தப் பிள்ள படிச்சது, போன்லயே கெணத்த எட்டிப் பாத்துருமாம்ல. கூட ஒரு பத்து போட்டுவிடுப்பா."

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வறண்ட கிணற்று வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பதின்மூன்று என்று போட்டேன்.

நான்காம் நாள் மாயக்கா ஓடிவந்தார்.

"பக்கத்துத் தோட்டத்து முருகன் நம்ம அளவப் பாத்துட்டு வாழை வைக்கக் கெளம்பிட்டான் தம்பி! இங்க ஊத்து இருந்தா அவன் கெணத்துலயும் ஏறும்னு நம்பிட்டான். சொல்லி நிறுத்திட்டேன். இன்னும் எத்தன பேரு நம்புவாகளோ... அழிச்சுரு!"

ஜெனிட்டாவுக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், வழிதான் சொன்னார்.

"அழிக்க முடியாதுண்ணே. கீழ திருத்தம் எழுதலாம். ஏன் திருத்துறோம்னும் எழுதணும்."

தப்பு செய்தால் ஊரை மாற்றுவது என் வழக்கம். திருப்பூரை அப்படித்தான் விட்டேன், கோவையையும். அன்றும் பையைத் தூக்கத் தோன்றியது. ஆனால் மாயக்கா எங்கே ஓடுவார்? கிணறு அங்கேயேதானே இருக்கும்!

"எழுதுனா பொண்ணு வீட்ல பாப்பாகளேக்கா?"

"பாக்கட்டும். ஊரான் பயிரக் கருக்கிட்டு எம் மகனுக்குக் கல்யாணமா? எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'மூன்றடிதான். மகனுக்குப் பெண் பார்ப்பதால் கூட்டிப் போடச் சொன்னேன். மாயக்கா.' அதற்கும் கீழே, 'தெரிந்தேதான் போட்டேன்' என்று என் பெயரையும் சேர்த்தேன்.

போன ஞாயிறு பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். மாயக்கா முந்தானையைக் கசக்கியபடி நின்றார்.

"எம் மக எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனா," என்றார் பெண்ணின் அப்பா. "'தண்ணி எல்லா ஊர்லயுந்தான்ப்பா வத்துது. தப்ப ஒத்துக்கிற மாமியா எந்த ஊர்ல இருக்கு? பேசி முடிங்க'ன்னுட்டா."

மாயக்கா அழுதார். நானும்தான் — மறைப்பானேன்?

பூ வைக்க நாள் குறித்துவிட்டு அவர் கிளம்பினார். மாயக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏந் தம்பி... இம்புட்டு வெவரமான பிள்ள வந்தா, இனி வீட்டுக்குள்ளகூட ஒரு பொய் சொல்ல முடியாது போலயே!"