முறுமுறுப்பு இல்லாத அடுக்களை

திருவனந்தபுரத்தில் பட்டம் ஜங்ஷனைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனையோ பஸ் போய்க்கொண்டிருந்தது. கோபம் இருக்கும்போது என்னால் உட்கார்ந்து போக முடியாது. அதனால் நடந்தேன்.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு கிறிஸ்தவ சபையின் கஞ்சி ஊழியம். மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் தகரக்கூரை போட்ட அடுக்களை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்கள் காலையில் தூக்குவாளியோடு வருவார்கள். கஞ்சியும் பயறும் கொடுப்போம். எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், கொச்சி, மங்களூர் என்று சுற்றிய எனக்கு அங்கே மூட்டை இறக்குவது, பாத்திரம் கழுவுவது, சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் அரிசியும் பயறும் வாங்கி வருவது எல்லாம் வேலை. படுக்கப் பின்னறை.

கஞ்சி காய்ச்சுவது ஒரு அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கட்டிட வேலைக்கு வந்த கணவரோடு இங்கே வந்து, அவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டவர். முழங்கால் வீங்கி, நின்று கிண்ட முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டுதான் துடுப்புப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் பிசியோதெரபிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கஞ்சி காய்ச்சும் நேரமும் அதுதான். அந்த இரண்டு நாளும் காலையில் என்னைச் சாமான் வாங்க அனுப்புவார்கள். சாமானை மத்தியானத்துக்கு மாற்றினால் நான் கஞ்சியைப் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மாற்ற வேண்டியவர் எங்கள் குழுத் தலைவர்.

அவர் நல்ல மனுஷர். பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. குழுவை ஆரோக்கியமாக நடத்துவது பற்றி ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ‘நம் குழுவில் முறுமுறுப்பு இல்லை’ என்று சுவரில் எழுதி ஒட்டினார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் குறை சொல்லி முறுமுறுத்துக் கெட்ட பைபிள் கதை சபையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அங்கே குறை என்று எதையும் சொல்ல முடியாது. ஜெபக் குறிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றேன். குழாய்க்காக ஜெபித்தோம். பிறகு தண்ணீர் வந்தது, ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று தலைவர் சபையில் சாட்சி சொன்னார். குழாய்க்காரனைத் தேடிப் பிடித்து ஸ்கூட்டரில் கூட்டி வந்தது நான்.

திங்கட்கிழமை சாயங்காலம் குழுக் கூட்டம். அன்று காலையிலேயே அக்கா என்னிடம் சொன்னார்:

“எனக்குச் சொல்லத் தொடங்கினா கரைச்சல் வந்திரும், கண்ணுல தண்ணி நிக்காது. நீ சொல்லுடே. உனக்கு வாய் உண்டு.”

“உங்களுக்கு இல்லையா?”

“உண்டு. அது ஆமென் சொல்லவே சரியாப் போச்சு.”

கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“பிரதர், இது முறுமுறுப்பா, ஜெபக் குறிப்பா?”

“ரெண்டும் இல்ல பிரதர். சாமானை மத்தியானம் வாங்கலாமா, கூடாதா? அதான் கேள்வி.”

யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். “சிஸ்டர், ஊழியம் உங்களுக்குப் பாரமா இருக்கா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “பாரம் ஒண்ணும் இல்ல பிரதர். கர்த்தர் பெலன் தருவாரு.”

உடனே எல்லாரும் எழுந்து அக்காவைச் சுற்றி நின்றார்கள். தலையில் கை வைத்து அவருடைய முழங்காலுக்குப் பெலன் கேட்டு ஜெபித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டவும் இடமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில் அக்கா ஆமென் என்றார். நான் பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

நடக்கும்போது போனில் படம் வந்தது. குழு வாட்ஸ்அப்பில் அக்காவைச் சுற்றி எல்லாரும் கண்மூடி நிற்கிறார்கள். ‘ஒருமனம்’ என்று கீழே எழுதியிருந்தது. போனை ஓடைக்குள் எறியத் தோன்றியது. மங்களூரில் எனக்கு இருந்த மேஸ்திரி வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். ஆனால் சாரக் கயிறு இற்றிருக்கிறது என்று சொன்னால், திட்டிக்கொண்டே புதுக் கயிறு வாங்கிப் போடுவான். இங்கே யாரும் திட்டவில்லை. கயிறும் வரவில்லை. தலைவர் மேல் கோபமா, அக்கா மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா மேல்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் நின்றது. அங்கே போனால் யாரிடம் போவது? ஏறவில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருக்கும் பழைய கூட்டாளியின் அறையில் படுத்தேன். தன் ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள், காலையில் முதலாளியைப் பார்க்கலாம் என்றான்.

விடிந்ததும் அக்கா கூப்பிட்டார்.

“எங்கடே இருக்கே?”

“கிழக்கேகோட்டையில.”

“நான் பிசியோக்குப் போறேன்.”

“தலைவர்ட்ட சொல்லியாச்சா?”

“சொன்னா பின்னயும் தலையில கை வைப்பாரு. வலி எனக்க முட்டுல அல்லே?”

சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை. நேற்றே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

“சாவி சன்னல்ல இருக்கு. ஆளுங்க வாளியோட வந்து நிக்கும். உனக்கு மனசில்லன்னா வேண்டாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கூட்டாளியிடம் ஹோட்டலுக்கு வரவில்லை என்றேன். பைத்தியமா உனக்கு என்றான். இந்தத் தடவை பஸ்ஸில் போனேன்.

கஞ்சி கொதிக்கும்போது தலைவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஸ்தோத்திரம்! பாத்தீங்களா பிரதர், நேத்து ஜெபிச்சோம், இன்னைக்கு ஆள் வந்தாச்சு!”

“ஆள் வரல பிரதர், ஆள் போயாச்சு. அக்கா இனி செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டாங்க. அந்த ரெண்டு நாளும் நான் காய்ச்சுறேன். சாமான் மத்தியானம்.”

“அவசரப்படாதீங்க. இதை ஜெபத்துல வச்சு...”

“வைங்க. அதுவரைக்கும் இதைப் பிடிங்க. நான் பயறை இறக்கணும். விட்டா அடி பிடிச்சிரும்.”

துடுப்பை அவர் கையில் கொடுத்தேன்.  அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிண்ட ஆரம்பித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய், வெள்ளிக் கஞ்சியை நான் எடுத்துக்கொண்டது அப்படித்தான். யாரும் கொடுக்கவில்லை. பயறை இறக்கி வைத்துவிட்டு, வெளியே நின்றவர்களின் வாளிகளை ஒவ்வொன்றாக வாங்கி வரிசையாக வைத்தேன்.